சூறாவளிக்கு முன் ஊர்பெயர்தல்: முந்தற் கரையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே அமைந்துள்ளது முந்தல். ஊரின் மேற்கே கடனீரேரி ஒன்று கிடக்கின்றது. அதற்கப்பால், ஏரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மணற்றரையில் உடப்பு முதலிய மீனவர் குடியிருப்புக்கள் உள. வங்கக் கடலில் எழும் சூறாவளி இலங்கையின் கீழைக்கரையில் ஏறி, தரைமேற் சென்று வலி குன்றியே பெரும்பாலும் இப்பக்கம் சேரும். ஆதலின் மேலைக்கரையார் அஞ்சவேண்டுவதில்லை எனக் கருதுவாருளர். அக்கருத்து ஆராயத்தக்கது.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். அதன் நடுவிடம் முந்தலுக்கு வடக்கே கடக்குமாயின், தென்பாகத்தில் அமையும் இக்கரையிற் காற்று மேற்கிலிருந்து, அஃதாவது கடலிலிருந்து, வீசும். அதே வேளையில் உள்நாட்டிற் பெய்த மழை ஆறுகளின் வழியே கரை நோக்கி வரும். முகத்துவாரங்களிற் கடல் உயர்ந்து நிற்பின் வெள்ளம் வடியத் தாமதிக்கும். இவ்வாறு நீர் இருபுறத்தும் நெருக்க, தெற்கே செல்லும் நெடுஞ்சாலையும் சிலாபத்தருகே தெதுறு ஓயாவைக் கடந்தே செல்லவேண்டியுள்ளது. 2025 நவம்பர் 28இல் இலங்கையிற் கரையேறிய டித்வா புயலின்போது சிலாபப் பகுதி அவ்வாற்று வெள்ளத்தில் மூழ்கியது. (டித்வா என்பது சொக்கோத்திராத் தீவிலுள்ள ஒரு கடனீரேரியின் பெயர் என்பது நினைக்கத்தக்கது.) நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர், அவருட் பெரும்பாலாரைக் கொன்றவை மண்சரிவும் வெள்ளமுமே. ஆகவே, காற்றின் வேகத்தை மட்டும் நோக்கிப் புறப்படும் காலத்தைக் கணித்தல் பிழையாகும்.

காலந்தாழ்த்தலின் விளைவுக்கு 1964 டிசம்பர் 22 சான்று. அன்று மாலை வவுனியாவுக்கருகே இலங்கையைக் கடந்த சூறாவளி இரவில் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கையிற் பேரழிவு செய்த புயல் பாக்குநீரிணையைத் தாண்டிவரச் சில மணி நேரம் இருந்தும், பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நிறுத்தப்படவில்லை. 100க்கு மேற்பட்டோருடன் அஃது அலைவாய்ப்பட்டது.

ஒடிசாவின் வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. 1999 அக்டோபர் 29இல் அங்கு வீசிய பெருஞ்சூறாவளியில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013 அக்டோபர் 12இல் பைலின் என்னும் கடும்புயல் கோபால்பூரருகே கரையேறியபோது இறந்தோர் 50க்கும் குறைவு. புயல் வருமுன்னரே ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். இடையில் நிகழ்ந்தது யாது? தூண்களின்மேல் உயர்த்திய புகலிடங்கள் கரையோரமெங்கும் எழுந்தன. அவற்றுட் பல ஏனைய நாட்களிற் பள்ளிகளாக விளங்குவன. தம் பிள்ளைகள் நாள்தோறும் சென்றுவரும் கட்டடத்துக்குச் செல்லத் தாயர் தயங்குவரோ?

தயக்கம் வேறிடத்துண்டு. மீனவனுக்குத் தோணியும் வலையும் இயந்திரமுமே முழு முதல். அவற்றை மணலில் விட்டுச் செல்லெனல் அவன் வாழ்வையே விட்டுச் செல்லெனலாம். இதனைப் பேதைமை எனப் பழித்தல் தகாது. தோணிகளை மேட்டுக்கு இழுக்க ஆளும், வெற்றில்லங்களுக்குக் காவலும் முதலில் அமைந்தால், வெளியேறுமாறு கூறும் சொல்லுக்கு மதிப்புண்டாகும். முன்னொருமுறை அழைத்தும் புயல் திசைமாறிப் போயிருக்குமாயின், அடுத்த அழைப்புக்குச் செவிசாய்ப்போர் குறைவர். அக்குறையை நீக்கவல்லது ஊரறிந்தவரின் வாய்ச்சொல்லே.

2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்பின் எச்சரிக்கை மாவட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கிராம அலுவலருக்கும் இறங்கி வருகின்றது. இறுதிப் படியில் அவர் கையில் இருக்கவேண்டியது ஒரு பட்டியல்: நடக்கவியலா முதியோர், கருவுற்ற மகளிர், கடலுக்குச் சென்று மீளாத தோணிகள். ஐப்பசி மழை தொடங்குமுன்னரே அஃது எழுதப்படல் வேண்டும். சூறாவளிச் செய்தி வந்தபின் வீடுவீடாகச் சென்று எழுத நேரமிராது.