வட்டம் ஏன் முட்டையாகிறது?

கலவையில் வீட்டிலிருந்தபடியே ஷூ டிசைன் வரைந்து தருகிறேன். டிராயிங் டேப்ளட் வாங்கிய புதிதில், ஷூவின் முன்பக்க அட்டைப் பேட்டர்னை அதன்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்தேன். ஸ்கிரீனில் வடிவம் மாறியிருந்தது. நீளத்தைச் சரிசெய்தால் அகலம் பொருந்தவில்லை. அப்படியே வெட்டியிருந்தால் தோல் வீண்!

டேப்ளட்டில் கோளாறு இல்லை, செட்டிங்கில்தான். மவுஸ் போலன்றி, டேப்ளட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்கிரீனில் நிலையான ஓர் இடம் உண்டு. என் டேப்ளட்டின் வரையும் பரப்பு 6க்கு 4 அங்குலம். ஸ்கிரீன் 1920க்கு 1080 பிக்ஸெல். ஆகவே குறுக்கே ஓர் அங்குலத்திற்கு 320 பிக்ஸெல். மேலிருந்து கீழாக 270தான். வட்டம் முட்டையாகாமல் என்ன செய்யும்?

டேப்ளட்டின் டிரைவர் செட்டிங்ஸில் மேப்பிங் பிரிவைத் திறந்திடுங்கள். வாகொம் டேப்ளட் எனில் 'ஃபோர்ஸ் ப்ரப்போர்ஷன்ஸ்' என்பதில் டிக் செய்திடவும். இந்த வசதி இல்லாத டிரைவரில், வரையும் பரப்பின் உயரத்தைக் குறைத்திடலாம். எனக்கு 3.375 அங்குலம் வந்தது: 6ஐ 16ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினேன். கீழே சிறிது இடம் பயன்படாது, பரவாயில்லை.

பின்னர் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்துச் சுற்றி வரைந்து பாருங்கள். நாணயம் வேண்டாம்; உலோகம் பேனாவின் சிக்னலைக் குழப்பலாம். வட்டம் வட்டமாகவே வந்தால் வேலையைத் தொடங்கிடலாம்.