ஆட்டிசக் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சி

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்பது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சையும் அன்றாடப் பழக்கங்களையும் கற்பிக்கும் முறை. ஒரு செயலுக்கு முன் நடந்தது என்ன, பின் விளைந்தது என்ன என்று முதலில் கவனிக்கப்படும். பல் துலக்குவது போன்ற வேலை சிறு படிகளாகப் பிரிக்கப்படும். ஒரு படியைச் செய்ததும் பாராட்டோ பிடித்த பொம்மையோ உடனே கிடைக்கும். உதவி மெல்லக் குறைக்கப்படும். பெற்றோரும் இதைப் பழகினால், கற்றது வீட்டிலும் தொடரும்.

அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான அறிவுத்திறன் அளவை எட்டினர். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாதது அதன் குறை. அன்று தண்டனையும் கையாளப்பட்டது. இன்று ஊக்குவிப்பே முதன்மை. குழந்தையின் இயல்பை மறைக்கப் பழக்குகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இம்முறையை விமர்சிக்கின்றனர்.