முகவரியிற் புள்ளி மிகுந்தால்

தபாற்காரருக்கு ஊர் பழக்கமாயின், பிழைபட எழுதிய விலாசத்துக்கும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். மின்னஞ்சலை ஏற்கும் கணினியிடம் அத்தகைய தயவை எதிர்பார்த்தல் இயலாது. முகவரியின் வடிவம் தன் விதிக்கு ஒவ்வாதெனில், 550 என்ற இலக்கத்துடன் வாசலிலேயே திருப்பிவிடும். நேர்முகத் தேர்வுக்கு மாணவன் ஒருவனை அழைக்கும் மடல் இங்ஙனம் திரும்புமாயின், அவன் அஃதறியான். அறிவிப்பு அனுப்பியவருக்கே போகும்.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995இல் பிலிப் ஹேசல் என்பார் ஆக்கிய 'எக்சிம்' என்னும் அஞ்சற் செயலியை எடுத்துக்கொள்வோம். அதனுடன் வரும் மாதிரி விதிகள், பெறுநர் பெயர்ப் பகுதியிற் சதவீதக் குறியோ வியப்புக் குறியோ இருப்பின் மடலை மறுக்கும். இது வீண் வேலியன்று. முற்காலத்தில் அக்குறிகளைக் கொண்டு ஒரு கணினி வழியாக மற்றொன்றுக்கு மடலைச் செலுத்துவர். குப்பை மடல் அனுப்புவோருக்கு அது நல்ல கள்ளவழியாயிற்று.

அடுத்தடுத்து வரும் இரு புள்ளிகளோ வேறு கதை. இணைய அஞ்சலின் பொது விதிப்படி அவை பிழை. ஆயினும் எக்சிம் அவற்றை ஏற்கின்றது. முதற்பெயரெழுத்து, நடுப்பெயரெழுத்து, குடும்பப்பெயர் என்பவற்றைப் புள்ளியிட்டு முகவரியாக்கும் நிறுவனங்கள் உண்டு. நடுப்பெயர் இல்லாதவருக்கு அவ்விடம் வெறுமையாகி, இரு புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். தமக்கும் நடுப்பெயரெழுத்து இல்லையென்று ஹேசலே அவ்விதிகளின் குறிப்பில் எழுதிவைத்தார். (தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே சூடும் நம்மவருக்குப் படிவங்களின் இத்தொல்லை புதிதன்று!) ஏனைய செயலிகள் அம்முகவரியை மறுக்கக்கூடும்.

திரும்பிய மடலை ஆத்திரத்தில் அழித்துவிடலாகாது. மறுத்த கணினியின் பெயரும் காரணமும் பெரும்பாலும் அதிலேயே உள. இலக்கம் ஐந்தில் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. நான்கில் தொடங்கினால் அனுப்பும் கணினி தானே மீண்டும் முயலும். நிருவாகி, நிராகரிப்புப் பதிவேட்டில் அந்நேரத்து வரியைத் தேடிப் பார்த்தல் வேண்டும். மடல் எதனையும் அனுப்பாது ஒத்திகை நடத்தி, எவ்விதி தடுக்கின்றதெனக் காணும் வசதியும் எக்சிமில் உண்டு.

தொல்லை தீர விதியையே நீக்கிவிடுவோர் உளர். நாம் அதனை ஒப்போம். கள்ளவழி மீண்டும் திறந்துவிடும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்களித்தலே தகும். எக்சிம் விதிகளை மேலிருந்து கீழாகவே வாசிக்கும்; ஆதலால் விலக்கை மறுப்புக்குக் கீழே எழுதிப் பயனில்லை.