ஆபகூக் கேட்ட கேள்வி



துக்க வீட்டிற்குச் செல்லும்போது, "எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதீர்கள்" என்று சொல்வது நம் வழக்கம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் உள்ளத்தில், "அவர் சித்தம் என்றால், ஏன் இப்படி?" என்ற கேள்வி எழுகிறது. வாய்விட்டுக் கேட்டால் விசுவாசம் குறைந்தவள் என்று பிறர் எண்ணுவார்களோ என அஞ்சி, அவள் மௌனமாகிவிடுகிறாள். கடவுளின் ஆளுகையை நம்புவது என்றால், கேள்வியை அடக்கிக்கொள்வது என்றுதான் பொருளா?

இதற்கு விடை தரும் சிறிய நூல் ஒன்று பழைய ஏற்பாட்டில் உண்டு. அதுவே ஆபகூக் தீர்க்கதரிசியின் நூல். மூன்று அதிகாரங்களும் 56 வசனங்களும் மட்டுமே கொண்டது. மற்றத் தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் கடவுளின் சொல்லை மக்களிடம் கொண்டு சென்றார்கள். ஆபகூக்கோ மக்களின் முறையீட்டைக் கடவுளிடம் கொண்டு சென்றார்.

அவர் வாழ்ந்தது கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் என்பது அறிஞர் பலரின் கருத்து. யூதா நாட்டில் அப்போது கொடுமை மலிந்திருந்தது. நீதி புரண்டு கிடந்தது. "எத்தனை காலம் கூப்பிடுவது? நீர் கேட்கவில்லையே!" என்ற கருத்தில் அவர் முறையிட்டார். பதில் கிடைத்தது. ஆனால் அந்தப் பதில் அவருடைய குழப்பத்தை இன்னும் பெரிதாக்கியது. கல்தேயர் எனப்படும் பாபிலோனியரைக் கொண்டு யூதாவைத் தண்டிக்கப்போவதாகக் கடவுள் சொன்னார். அவர்களோ யூதாவைவிடக் கொடியவர்கள்! தீமையைப் பார்க்கச் சகியாத கடவுள், தீயவன் தன்னைவிட நல்லவனை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி? இது ஆபகூக்கின் இரண்டாவது கேள்வி.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வகுப்பறையில் எழுந்து நின்று, "ஏன் ஐயா?" என்று கேட்கும் மாணவன் ஆசிரியரை நம்புகிறவன். நம்பிக்கை இழந்தவன் கேட்பதே இல்லை, வாய்மூடி உட்கார்ந்திருப்பான். ஆபகூக்கும் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விடவில்லை. காவற்கோபுரத்தில் நிற்கும் காவலாளியைப் போல, பதிலுக்காகக் காத்து நின்றார்.

கிடைத்த பதிலில் முழு விளக்கம் இல்லை. குறித்த காலம் ஒன்று உண்டு, தாமதித்தாலும் காத்திரு என்பதும், நீதிமான் தன் விசுவாசத்தால் வாழ்வான் என்பதுமே அதன் சாரம். இந்தச் சொல்லைத்தான் பிற்காலத்தில் பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் எடுத்தாண்டார். கொள்ளையடித்த பாபிலோனுக்கும் ஐந்து முறை 'ஐயோ' கூறப்பட்டது. கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. கி.மு. 539இல் பாபிலோன் பாரசீக மன்னன் கோரேசின் படைக்கு வீழ்ந்தது. இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு! இவ்வளவு நீண்ட காலத்தைக் கண்ணால் காணாமலே நம்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் அதிகாரத்தில் அவர் உடல் நடுங்குகிறது, உதடுகள் துடிக்கின்றன. துணிச்சல் வந்த பிறகு அவர் நம்பவில்லை, நடுங்கிக்கொண்டே நம்பினார். அத்தியும் திராட்சையும் ஒலிவமும் பொய்த்து, வயலும் விளையாமல், ஆட்டுப்பட்டியும் மாட்டுத் தொழுவமும் வெறுமையாகப் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். அந்நாட்டுக் குடியானவனுக்கு உணவும் எண்ணெயும் பானமும் சொத்தும் அவைதாம். அத்தனையும் போனாலும் தன் கடவுள் போய்விடவில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

முறையீடாகத் தொடங்கிய அந்த நூல், இசைக்கருவிகளுடன் பாடும்படி இசைத் தலைவனுக்குத் தரும் குறிப்போடு முடிகிறது. ஒரு மனிதனின் தனிப்பட்ட கலக்கம் சபையார் கூடிப் பாடும் பாட்டாயிற்று.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை துக்க வீட்டிற்குச் செல்லும்போது, அழாதே என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்தத் தாய் கேட்கட்டும், அழட்டும். அவள் கேள்வியைக் கடவுள் தாங்குவார். நாம் அவள் அருகில் அமர்ந்து, அவளோடு சேர்ந்து காத்திருப்போம்.