றப்பர் கொட்டையிலும் எரிபொருள்: பொறுக்கும் கைக்கு என்ன விலை?

நுகேகொடையில் அவிசாவளை பஸ் ஏறி ஹைலெவல் வீதியோடு போனால், கொழும்பின் நெரிசல் தீர்ந்து றப்பர் மலைகள் தொடங்கிவிடும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெயில் ஏறியதும் காய்கள் படபடவென்று வெடித்துக் கொட்டைகள் நாலா பக்கமும் தெறிக்கும். நாற்றுமேடைக்குக் கொஞ்சம் போகும். மிச்சம் மழையில் ஊறி அழுகிப்போகும். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்த நாடு இந்த வீண்விரயத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

1876இல் ஹேனரத்கொடைத் தாவரவியல் பூங்காவில் முதல் றப்பர் கன்றுகள் வேர்விட்ட காலத்திலிருந்து நாம் றப்பர் பாலை மட்டுமே கணக்கில் வைத்தோம். கொட்டைப் பருப்பிலோ ஏறத்தாழ 40 வீதம் எண்ணெய் இருக்கிறது. சயனைட்டை உண்டாக்கும் நச்சுப்பொருளும் இருப்பதால் அதை யாரும் அப்படியே சாப்பிடுவதில்லை. ஆகவே இந்த எண்ணெய்க்காக ஒருவருடைய சோற்றிலும் கைவைக்க வேண்டியதில்லை. புதிதாக ஓர் ஏக்கர் காடும் வெட்ட வேண்டியதில்லை.

பிழிந்து டீசலாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரத்தில் கிடந்த கொட்டையின் எண்ணெயில் அமிலம் விரைவாகக் கூடிவிடும். வழக்கமான முறையில் காரம் சேர்த்தால் ஒரு பகுதி சவர்க்காரமாகிவிடும். இங்கேதான் சூடாக்கும் முறை கைகொடுக்கிறது. கொட்டையை ஓரளவு உலர்த்தி நொறுக்கி, காற்றுப் புகாத இரும்புக் கலனில் 450 முதல் 550 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் ஆவி கிளம்பும். அதைக் குளிர்வித்தால் கருநிற எண்ணெய். குளிராமல் நிற்கும் வாயுவை அடுப்புக்கே திருப்பலாம். அடியில் தங்கும் கரி மண்ணுக்குப் போகும். கொட்டையின் மேலோட்டையும் சேர்த்தே கலனில் போடலாம். வேம்பு, இலுப்பை, புங்கம் ஆகியவற்றின் விதைக்கும் இதே வழிதான்.

இந்த எண்ணெயை நேரே வாகனத்தில் ஊற்ற முடியாது. அமிலமும் நீரும் கலந்திருப்பதால் இயந்திரம் அரித்துப்போகும், சுத்திகரிக்கச் செலவாகும். உலைக்கு அந்தக் கவலை குறைவு. தேயிலை உலர்த்தவும் றப்பர் ஷீட்டுக்குப் புகைபோடவும் நம் தொழிற்சாலைகள் விறகை எரிக்கின்றன. கொட்டை விழும் மலைக்குப் பக்கத்திலேயே அதை எரிக்கும் அடுப்பும் இருக்கிறது.

சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக் கொண்டுவரும் செலவு கட்டுப்படியாகாது என்பார்கள் சிலர். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் என் கவலை.

ஒரு கொட்டை மூன்று முதல் ஐந்து கிராம். ஒரு கிலோ சேர இருநூறுக்கு மேல் பொறுக்க வேண்டும். அட்டை கடிக்கும் சரிவில், பாம்புக்குப் பயந்து, சருகைக் கிளறிக் குனிபவர்கள் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் லயங்களில் வாழும் நம் பெண்களாகத்தான் இருப்பார்கள். மழை நாளில் சிரட்டையில் தண்ணீர்தான் நிறையும். பால்வெட்டு நின்றுவிடும், பேர் விழாது, அன்றைய கூலியும் இல்லை. அந்த வெறும் நாளுக்குக் கொட்டை பொறுக்குவது நல்ல கைக்காசாக முடியும். விலை பேசாமல் தொடங்கினால், பால்வெட்டுக்குப் பிறகு செய்ய வேண்டிய இன்னொரு இனாம் வேலையாக அவர்கள் முதுகில் ஏறும். தாய்க்குத் துணையென்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்குப் போகும்.

பயப்படக் காரணம் இருக்கிறது. இந்தியா 2009இல் தன் உயிரி எரிபொருள் கொள்கையில், 2017க்குள் 20 வீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. இந்த எரிபொருளுக்கான காட்டாமணக்கு தரிசில் பொன் விளைவிக்கும் என்று தமிழ்நாட்டு உழவரும் நம்பி நட்டார்கள். விளைச்சல் சொன்னபடி வரவில்லை, வாங்கவும் ஆளில்லை. பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். நட்டம் முழுவதும் நட்டவனுக்கே.

நம்மிடம் மரம் ஏற்கெனவே நிற்கிறது; நடும் செலவு கிடையாது. அதனால் கலன் வாங்குவதற்கு முன்பே கொட்டைக்குக் கிலோ விலையை எழுத்தில் வையுங்கள். அதை நிறுக்கும் தராசு லயத்து வாசலிலேயே இருக்கட்டும். காசு அன்றன்றே பொறுக்கிய பெண்ணின் கைக்குப் போகட்டும். பிள்ளை பொறுக்கியதை வாங்குவதில்லை என்ற விதியும் வேண்டும். இவற்றுக்கு இடமில்லாத திட்டம் எவ்வளவு பசுமையானதாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.