காந்த நாடாவில் தங்கிய பெர்லின்

1930களில் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதைத் துண்டு போட்டாக வேண்டும். அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம், மிஞ்சினால் நாலரை நிமிட இசைதான் அடங்கும். அதோடு குழு நிறுத்திவிடும். பதிவுத் தகட்டை மாற்றியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் நடத்துநர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லருக்கு இந்த முறை ஒத்துவரவே இல்லை. அவர் கைக்கோல் துல்லியமாகத் தாளம் காட்டாது. வேகம் அவரிடம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். ஒரு மெல்லிய தொடக்கத்துக்கும் கால் மணி நேரம் கழித்து வரும் உச்சத்துக்கும் இடையில் அவர் ஒரே மூச்சை இழுத்துக்கொண்டு போவார். அதை நடுவில் அறுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

அவருக்கு ஏற்ற கருவி அவர் நாட்டிலேயே உருவாகிக்கொண்டிருந்தது. 1928-இல் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர், தாளின் மேல் இரும்புத் துகள் பூசி அதில் ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஏ.இ.ஜி. நிறுவனமும் பி.ஏ.எஸ்.எஃப். ஆலையும் சேர்ந்து அதை மேக்னடோஃபோன் என்ற பொறியாக வளர்த்து 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தன. 1936-இல் அந்த ஆலை இருந்த லுட்விக்ஸ்ஹாஃபனுக்கு வந்த நடத்துநர் தாமஸ் பீச்சமின் லண்டன் குழு மொட்ஸார்ட்டை வாசித்தது. நாடாவில் பதிந்தும் பார்த்தார்கள். இசை கேட்டது, ஆனால் அதன் மேல் சீறலும் கரகரப்பும் படிந்திருந்தன.

இந்தச் சீறலுக்குக் காரணம் இரும்பின் பிடிவாதம். நாடாவின் துகள்களுக்கு அருகில் சிறிய காந்தப்புலத்தைக் கொண்டுபோனால் அவை அசைவதில்லை. ஓர் அளவைத் தாண்டிய பிறகே திரும்புகின்றன. அதனால் மெல்லிய ஒலி உருக்குலைந்து பதிகிறது. நேர்மின்னோட்டத்தால் துகள்களை முன்கூட்டியே ஒரு பக்கம் தள்ளி வைத்து இதைச் சமாளித்தார்கள். உருக்குலைவு குறைந்தது, ஆனால் ஒலி இல்லாத இடத்திலும் நாடா காந்தமேறி இரைந்தது.

1940-இல் ஜெர்மன் வானொலியில் வால்டர் வெபர் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெருக்கி கெட்டுப்போய்த் தானாகவே மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அதிரத் தொடங்கியது. பதிவில் இரைச்சல் ஏறக்குறைய மறைந்தே போனது. காதுக்கு எட்டாத அந்த அதிர்வு இசையோடு கலந்து துகள்களை இடைவிடாமல் இருபுறமும் உலுக்கியிருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள் மெல்லத் தள்ளினால் நகராது, ஆட்டிக்கொண்டே தள்ளினால் நகரும், இதுவும் அப்படித்தான். ஆட்டம் ஓய்ந்ததும் துகள்களில் இசையின் அளவு மட்டும் தங்குகிறது. அமெரிக்காவில் 1920களிலேயே இதே உத்திக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள், ஆனால் அது மறந்துபோயிருந்தது. வெபரும் அவரோடு வானொலியில் பணியாற்றிய ஃபான் பிரவுன்ம்யூலும் இதைப் பொறிக்குள் அமைத்தார்கள். 1941 ஜூனில் பெர்லினில் பொதுமக்கள் முன் ஒலிக்கவிட்டார்கள்.

நாடா நொடிக்கு ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. ஆயிரம் மீட்டர் சுருள் 20 நிமிடத்துக்கும் சற்று மேல் தாங்கும். ஃபுர்ட்வாங்லருக்கு வேண்டியதும் அதுதான். ஃப்ரீட்ரிக் ஷ்னாப் என்ற ஒலிப்பதிவாளர் பழைய ஃபில்ஹார்மோனி அரங்கில் சில ஒலிவாங்கிகளோடு உட்கார்ந்து, கச்சேரிகளை இருமலும் நாற்காலிச் சத்தமுமாக அப்படியே பிடித்தார்.

1942 மார்ச்சில் அங்கே பதிந்த பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைப் போல் வேறொன்று கிடையாது என்றே நான் நினைக்கிறேன். முதல் பகுதியின் நடுவில் டிம்பனி இடிப்பது இசையாகவே படுவதில்லை, ஏதோ இடிந்து விழுவதாகத்தான் கேட்கிறது. கடைசிப் பக்கங்களின் வேகம் மகிழ்ச்சியா வெறியா என்று சொல்ல முடியாது. மனிதர் எல்லோரும் உடன்பிறப்புகள் என்று பாடும் படைப்பு அது. அதே சிம்பொனியை ஏப்ரல் 19 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய மாலை, ஃபுர்ட்வாங்லர் மறுபடி நடத்தினார். மேடையருகே வந்து பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் கைகொடுக்கும் காட்சி படச்சுருளில் இருக்கிறது. ஃபுர்ட்வாங்லர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. யூதக் கலைஞர்கள் சிலருக்கு உதவினார். 1946-இல் விசாரணைக் குழு அவரை விடுவித்தது. ஆனாலும் நாட்டை விட்டுப் போகாமல் அந்த ஆட்சிக்கு ஒரு முகமாக நின்றார் என்பதும் உண்மை. பதிவின் அழகைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வானொலியில் ஹெல்முட் க்ரூகர் இரட்டைத் தட ஸ்டீரியோவையும் முயன்று பார்த்தார். மிகச் சில நாடாக்களே மிஞ்சின. 1944 செப்டம்பரில் நடத்துநர் கராயன் நடத்திய புரூக்னர் எட்டாம் சிம்பொனியின் இறுதிப் பகுதி அவற்றில் ஒன்று. இன்னொன்றில் வால்டர் கீஸெகிங் பீத்தோவனின் 'எம்பரர்' பியானோ கான்செர்ட்டோவை வாசிக்கிறார், ஆர்டுர் ரோட்டர் நடத்துகிறார். மெல்லிய இடங்களில் தூரத்து விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் சத்தம் விழுகிறது. நாடாவின் சொந்த இரைச்சல் அடங்கிவிட்டதால்தான் அந்தப் பீரங்கி நம் காதுக்கு எட்டுகிறது. பழைய தட்டாக இருந்திருந்தால் அது கரகரப்பிலேயே கரைந்திருக்கும்.

1944 ஜனவரி 30 அன்று ஃபில்ஹார்மோனி அரங்கு குண்டுவீச்சில் எரிந்துபோனது. குழு வேறு அரங்குகளுக்கு மாறியது. 1945 ஜனவரியில் அட்மிரல்ஸ்பலாஸ்டில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய கச்சேரியில், மொட்ஸார்ட்டின் நாற்பதாம் சிம்பொனிக்கு நடுவே மின்சாரம் போனது. மின்சாரம் திரும்பியதும் பிராம்ஸின் முதல் சிம்பொனிக்குப் போனார்கள். சில நாட்களில் அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார்.

போர் முடிந்ததும் சோவியத் படையினர் நாடாக்களை மாஸ்கோவுக்குக் கொண்டு போனார்கள். 1960களில் சோவியத் இசைத்தட்டு நிறுவனமான மெலோதியா அவற்றை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. 1987-இல் படிகள் பெர்லினுக்குத் திரும்பின. அமெரிக்கப் பொறியாளர் ஜாக் மல்லினோ இரண்டு மேக்னடோஃபோன்களையே பிரித்துப் பெட்டிகளில் ஊருக்கு அனுப்பினார். பாடகர் பிங் க்ராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் பதிவானதும் ஆம்பெக்ஸ் பதிவுப் பொறிகள் பிறந்ததும் அதன் விளைவுதான்.

அந்த ஜனவரிக் கச்சேரியின் பிராம்ஸில் நமக்குக் கிடைப்பது நான்காம் பகுதி மட்டும். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். ஹார்ன் அழைப்புக்குப் பின் வயலின்களில் பெரிய மெட்டு வரும்போது, அவர் வேகத்தை எப்படிப் பிடித்து நிறுத்தி மெல்ல மெல்ல விடுகிறார் என்று கவனியுங்கள். நாலு நிமிடத் தட்டில் அதைப் பதிந்திருக்கவே முடியாது.