ரோமாபுரியில் மூன்று நாள்!

ஒரே அட்டையில் ஊர் முழுவதும் சுற்றலாம்

ரோமாபுரி!

பெயரைக் கேட்டதும் சீசர் ஞாபகம் வருவார். இத்தாலி நாட்டின் தலைநகரமான இந்த ஊருக்கு வயது 2 ஆயிரத்து 700-க்கு மேல். இங்கே தடுக்கி விழுந்தால், பழைய கல் ஒன்றின் மீதுதான் விழ வேண்டும்!

இந்த ஊரைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் அல்ல. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வருகிறவர்களும் உண்டு. வாடகைக் காரில் சுற்றினால் அவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. பஸ், டிராம், பாதாள ரெயில் - இவைதான் அவர்களுக்குத் துணை.

"முதலில்" என்ற சொல்

"ரோமா பாஸ்" என்று ஒரு அட்டை விற்கிறார்கள். இதில் இரண்டு வகை. ஒன்று 48 மணி நேரம் செல்லும். இன்னொன்று 72 மணி நேரம் செல்லும்.

அட்டை கையில் இருந்தால் நகரத்துப் பஸ், டிராம், பாதாள ரெயிலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரெயிலில் மட்டும் இது செல்லாது.

48 மணி அட்டைக்காரர்கள் முதலில் பார்க்கும் ஒரு இடம் இலவசம். 72 மணி அட்டைக்காரர்களுக்கு முதல் இரண்டு இடங்கள் இலவசம். அதன் பிறகு பார்ப்பவைக்குச் சலுகைக் கட்டணம்.

"முதலில்" என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. கட்டணம் குறைவான இடத்தில் முதலில் நுழைந்துவிட்டால், இலவசம் அதோடு கழிந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கட்டணம் அதிகமான இடத்துக்கே முதலில் போவார்கள்.

அப்படிப்பட்ட இடம் கொலோசியம். கி.பி. 80-ல் திறக்கப்பட்ட மாபெரும் வட்டரங்கம் அது. மனிதனும் மனிதனும் மோதினார்கள். மனிதனும் மிருகமும் மோதின. அதைப் பார்த்து ஊரே ஆரவாரம் செய்தது! அங்கே போக, நாளும் நேரமும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அட்டைதான் இருக்கிறதே என்று நேராகப் போனால், வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

போப்பாண்டவரின் வாடிகன் தனி நாடு. அங்கே உள்ள காட்சிசாலைக்கு இந்த அட்டை செல்லாது. ஆனால், செயிண்ட் பீட்டர் பெரிய கோவிலுக்குள் போகக் கட்டணமே இல்லை.

பிள்ளைகளுக்கு வேண்டாம்

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நான்கு பேருக்கும் நான்கு அட்டை வாங்க வேண்டுமா?

வேண்டாம்! 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கக் காட்சிசாலைகளில் கட்டணம் கிடையாது. எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வயதைக் காட்ட பாஸ்போர்ட் இருந்தால் போதும். கொலோசியத்தில் மட்டும் அவர்களுக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும். 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு பஸ்சிலும் பாதாள ரெயிலிலும் சும்மா போகலாம். இது தெரியாமல் அட்டை வாங்கிவிட்டு, பிறகு கன்னத்தில் கை வைத்து என்ன பயன்?

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு அட்டையே தேவை இல்லை. சாதாரண டிக்கெட் ஒன்று எடுத்தால் 100 நிமிடம் செல்லும். அதற்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். பாதாள ரெயிலில் மட்டும் ஒரு தடவைதான் போகலாம். 2012-ல் இந்த டிக்கெட்டின் விலை ஒன்றரை யூரோ ஆயிற்று.

காகித டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. பஸ்சில் ஏறியதும் அங்குள்ள எந்திரத்தில் அதைச் செருகி முத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டோடு பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம் 50 யூரோவுக்கு மேல். "தெரியாது" என்று சொன்னால் விடமாட்டார்கள்.

தோண்டினால் சரித்திரம்

ரோமாபுரியில் பாதாள ரெயில் 1955-ல் ஓடத் தொடங்கியது. இரண்டாவது பாதை 1980-ல் வந்தது. மூன்றாவது பாதையின் முதல் பகுதி 2014-ல் திறக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்?

மண்வெட்டி போட்ட இடம் எல்லாம் பழைய நகரம்! ஒரு பக்கம் தெருவில் நெரிசல். ஜனங்களுக்கு ரெயில் வேண்டும். இன்னொரு பக்கம் முன்னோர் விட்டுச் சென்ற வீடும் கிணறும். அவற்றை வாரிக் கொட்டிவிட்டால் திரும்பக் கிடைக்குமா? ரோமாபுரி காத்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு கல்லாக எடுத்த பிறகே ரெயில் பாதை நகர்ந்தது.

சான் ஜொவான்னி நிலையத்தைத் தோண்டியபோது பழங்காலப் பண்ணை ஒன்று வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட பீச் பழக் கொட்டைகள்கூடக் கிடைத்தன! 2018-ல் திறந்த அந்த நிலையத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு இடத்தில் ரோமானியப் போர்வீரர்கள் தங்கிய அறைகள் வரிசையாக வெளிப்பட்டன. அந்த இடத்தில் எழுந்த போர்ட்டா மெட்ரோனியா நிலையமும், கொலோசியத்தின் அருகில் உள்ள நிலையமும் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டன. காட்சிசாலை டிக்கெட் இல்லாமல், ரெயில் டிக்கெட்டிலேயே சரித்திரத்தைப் பார்க்கலாம்.

"பெரிய மூக்கு"

சுற்றினால் தாகம் எடுக்கும். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருத் தெருவாக இரும்புக் குழாய்கள் நிற்கின்றன. 1874 முதல் வைக்கப்பட்டவை இவை. வளைந்த குழாயைப் பார்த்து, ஊர் ஜனங்கள் "பெரிய மூக்கு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீறிடும். குடிக்க வசதி!

திரெவி நீரூற்றில் ஜனங்கள் காசு எறிகிறார்கள். எறிந்தால் மீண்டும் ரோமாபுரிக்கு வரலாம் என்று நம்பிக்கை. அந்தக் காசை அள்ளி எடுத்து, ஏழைகளுக்கு உதவும் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுக்கிறார்கள்.

மிளகுக் கிடங்கு

கொலோசியம் டிக்கெட்டிலேயே பக்கத்தில் உள்ள பழைய கடைவீதி மைதானத்தையும் பார்க்கலாம். அங்கே இடிந்து நிற்கும் மாபெரும் மண்டபம் ஒன்று உண்டு. அதன் அடியில் இருப்பது என்ன தெரியுமா?

மிளகுக் கிடங்கு!

டொமிஷியன் என்ற சக்கரவர்த்தி கட்டியது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் யவனர் கப்பல்கள் மிளகு ஏற்றிச் சென்றன. அதற்கு அவர்கள் பொன்னும் வெள்ளியும் கொடுத்தார்கள். கரூர், கோவை வட்டாரங்களில் ரோமாபுரிக் காசுகள் மண்ணுக்குள் கிடைத்திருக்கின்றன.

அட்டை 72 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ரசத்துக்கு மிளகு தட்டும்போதெல்லாம் ரோமாபுரியை நினைத்துக்கொள்ளலாம்.